குனிதல்

சாத்தான்குளம்,
29-1-1947

அத்தான்,

இல்லை, திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

நீங்கள் எழுதியது ஒரே வரி. அதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று என்றால் சிரிப்பீர்கள். 'ஏன் அப்படிச் செய்தாய்?' நியாயமான கேள்விதான். சரக்கு அடுக்கும் புதுக் கிட்டங்கிக்குப் பால் காய்ப்பு. உடன்குடிச் சொந்தம், திருச்செந்தூர்ச் சொந்தம் எல்லாம் கூடியிருக்கிறது. மற்ற ஜோடிகள் அத்தை காலில் விழுந்து எழுந்தாயிற்று. நான் மட்டும் கைகளைக் கூப்பிக்கொண்டு நட்ட கம்பு மாதிரி நிற்கிறேன். "பி.ஏ. படிச்சவ குனிஞ்சா படிப்பு கீழ கொட்டிப் போயிருமோ?" என்று அத்தை கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். வேறு யாரையாவது கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல வாக்கியம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. என் பிடரியில் உங்கள் கை.

அழுத்தவில்லை என்பீர்கள். அழுத்தவில்லைதான். வைத்தீர்கள். நான் குனிந்தேன். அப்புறம் தரை. நான் விழுந்த விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. "நடிக்கா, நடிக்கா" என்று ஒரு குரல் காதில் விழுந்தது. உங்கள் தங்கையின் குரல் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

சாயங்கால பஸ்ஸில் ஏறும்போது நீங்கள் கிட்டங்கி வாசலில் நின்றீர்கள். தடுப்பீர்கள் என்று நினைத்தேன். நான் திரும்பிப் பார்ப்பேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அத்தை அவருக்கு அக்கா, அவர்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும். தன் மகளைப் பற்றியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே என் பழைய அறை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து படிக்கிறேன்.

மேஜைமேல் இருக்கும் என் புத்தகங்களை மட்டும் அனுப்பினால் போதும். பெட்டியை யாரும் திறக்க வேண்டாம்.

வடிவு

*

தூத்துக்குடி,
8-2-1947

வடிவு,

புத்தகங்களைச் சாத்தான்குளம் லாரியில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பெட்டியை நான் திறக்கவில்லை. அம்மா திறந்தாள்.

சேலைகளுக்கு அடியில் ஒரு மருந்துப் பாட்டில் இருந்தது. பாதி காலி. அம்மா அதை நடுவீட்டில் வைத்துவிட்டுச் சாமி வந்தவள் மாதிரி நின்றாள். "ஏல வன்னியபெருமாளு, இங்கன வந்து பாரு. நான் பேரப்பிள்ளை வேணும்னு கோயில் கோயிலா அலையுதேன். இவ பிள்ளை வேண்டாம்னு மருந்து குடிச்சிக்கிட்டிருக்கா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு, லேபிளில் பேர் போட்டிருந்த டாக்டரிடம் போனேன். என் வீட்டுப் பெண்ணுக்கு என்னைக் கேட்காமல் இந்த மருந்தை எப்படிக் கொடுத்தீர் என்று சண்டை போடத்தான் போனேன். அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இது ஹார்ட்டுக்கு உள்ள மருந்து. உங்க சம்சாரத்துக்கு ஹார்ட் பெரிசாகிப் போச்சு. பலமில்லை. உங்ககிட்டச் சொல்லலையா?" என்றார்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். கொழும்புக் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. வெங்காயம் ஏற்ற வேண்டும். தோணி ஓட்டும் தண்டல் ஜீவமணி வந்து என்னவோ கேட்டான். நான் என்னவோ சொன்னேன். கருவாட்டுக்குப் பக்கத்தில் கருப்பட்டியை அடுக்கிவிட்டார்களாம். நான்தான் அப்படிச் சொன்னேனாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை?

இன்னொன்றும் உண்டு. பால் காய்ப்பன்று உன் கழுத்தில் கை வைத்தேனே. உள்ளங்கையின் ஓரத்தில் உன் நரம்பு ஒன்று கயிறு மாதிரி புடைத்து நின்றது. கோபத்தில் விடைக்கிறது என்று நினைத்தேன். இப்போது அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டிலைக் காட்டிக் காட்டித் திட்டுகிறாள். திட்டட்டும் என்று விட்டிருக்கிறேன். சொன்னால் அழுவாள். அதை என்னால் தாங்க முடியாது.

வன்னியபெருமாள்

*

சாத்தான்குளம்,
12-2-1947

அத்தான்,

தெரிந்துவிட்டது. ஒரு பாரம் குறைந்தது. நான் இறக்கவில்லை, அத்தை இறக்கியிருக்கிறார்கள்.

போன ஆடியில் ஆரம்பித்தது. கோலம் போடக் குனிந்தேன். முகத்துக்குள் ரத்தம் நிறைந்தது. காதில் கடல் மாதிரி இரைச்சல். பிறகு ஒரு கறுப்பு. நிமிர்ந்ததும் சரியாயிற்று. மறுநாளும் அப்படியே. கோலத்தை வேலைக்காரியிடம் விட்டேன். 'கோலம் போட மாட்டாளாம் கலெக்டர் பொண்டாட்டி' என்றார்கள் அத்தை. பிறகு ஜாக்கெட்டுகளின் கழுத்து இறுகியது. தையல்காரரை மாற்றினேன். அடுத்தவரும் இறுக்கமாகத்தான் தைத்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் ஊதியிருக்கும், அழுதுவிட்டுத் தூங்கியவள் மாதிரி.

பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போயிற்று. நெஞ்சின்மேல் யாரோ அம்மிக்கல்லை வைப்பது போல. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு வரும். உட்கார்ந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "வெளக்கை அணை, அப்படி என்ன படிப்பு" என்று நீங்கள் சண்டை போடுவீர்கள். பல நாள் ஒரே பக்கம்தான்.

முயல் தீவுக்குத் தோணியில் கூட்டிப் போனீர்களே, ஞாபகமிருக்கிறதா? பக்கத்தில் சங்கு குளிக்கிற தோணி ஒன்று நின்றது. பாஸ்கல் என்று நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். நரம்புகள் அடங்கின. உங்களிடம் ஏதோ கேலி சொல்லிவிட்டு மறுபடி மூழ்கினார். நான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதே நரம்புகள். எனக்கு அடங்கவில்லை. நான் இன்னும் மேலே வரவில்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் தனியாக அந்த டாக்டரிடம் போனேன். நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தார். மந்த ஒலி இருக்க வேண்டியதைவிட அகலமான இடத்தில் கேட்டதாம். இதயம் பெருத்துவிட்டது என்றார். பிள்ளை பெறக் கூடாது என்றார். மருந்து கொடுத்தார். குடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? நோயாளி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திமிர் பிடித்தவள் என்றால் திட்டுவார்கள், ஆனால் வைத்துக்கொள்வார்கள். அத்தை எனக்குக் கொடுத்த பட்டம் வசதியாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

இப்போது ஒளிய இடமில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். அத்தை வேறு பெண் பார்க்கட்டும். எனக்குக் கோபமில்லை.

மேலே எழுதிய கடைசி வரி பொய். அடித்துத் திருத்த மனமில்லை.

நீங்கள் வர வேண்டாம்.

வடிவு

*

மதராஸ்,
9-3-1947

அத்தான்,

வர வேண்டாம் என்று எழுதியும் நீங்கள் சாத்தான்குளம் வந்து என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனது எனக்குப் பிடித்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் மதராஸ் ரயில் நகரும்போதே சொல்லியிருக்கலாம். அப்பா பக்கத்தில் இருந்தார். நீங்கள் வேறு ஆரஞ்சுப் பழக்காரனுடன் தகராறு செய்துகொண்டிருந்தீர்கள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஜேசுபாதம் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, கால்களைப் பார்த்துவிட்டு, "முகம் வீங்குது, கால் வீங்கலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாரே, அதுதான் ஆரம்பம். இதயம் முழுதாகத் தளர்ந்திருந்தால் பாதமும் வீங்க வேண்டுமாம். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேக்காகத்தான் மதராஸ்.

இங்கே பக்கவாட்டில் நிற்க வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். நேராக எடுத்த படத்தில் ஒரு பெரிய நிழல்தான் தெரியும். எல்லாரும் அதை இதயம் என்று நினைத்தோம். பக்கத்திலிருந்து பார்த்தால் நிழல் இரண்டு. முன்னால் ஒன்று, எலும்புக்கு அடியில். பின்னால் ஒன்று. பின்னால் இருப்பதுதான் நான்.

பிறகு இருட்டறையில் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய டாக்டர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டதும் என் பக்கம் திரும்பினார். பிறகு எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். இதயம் சின்னது. நல்ல இதயம். அதற்கு முன்னால் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய குழாய்மேலும், அது வந்து சேரும் அறைமேலும் சாய்ந்திருக்கிறது. திரும்பி வர வேண்டிய ரத்தம் வாசலில் நிற்கிறது. அதனால் கழுத்து நரம்பு, அதனால் முகம். குனிந்தால் கட்டி இன்னும் நெருக்கும், தலையின் ரத்தம் இறங்க வழியில்லை. உள்ளே வராததை இதயம் வெளியே அனுப்ப முடியாது. அதனால்தான் நாடி மெலிவு, கண்ணில் கறுப்பு. நோய் இதயத்தில் இல்லை. இடம்தான் இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பா பயந்துவிட்டார்.

பிறகு சிரிப்பு நின்றது. எடுக்க வேண்டும் என்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டும். எந்த மாதிரிக் கட்டி என்று திறந்தால்தான் தெரியுமாம். கெட்டதாக இருந்தால் முழுதாக எடுக்க முடியாமல் போகலாம். திறக்காமல் விட்டால் மெல்ல மெல்ல நெருக்கும். புருஷனின் கையெழுத்து வேண்டுமாம். நான் முடிவு செய்யவில்லை. நீங்களும் செய்துவிடாதீர்கள்.

வடிவு

*

தூத்துக்குடி,
14-3-1947

வடிவு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். இடம் இல்லை என்பது வரை புரிந்தது. உள்ளே வராததை வெளியே அனுப்ப முடியாது என்பது எழுத்தாகப் புரிந்தது. அதற்கு மேல் போகவில்லை.

முந்தாநாள் ஜீவமணியின் தோணி பாதி வழியில் கனத்துப்போய்த் திரும்பியது. உள்ளே முழங்கால் தண்ணீர். ஓட்டை விழுந்துவிட்டது, சரக்கு போச்சு என்று கரையில் நின்று கத்தினேன். ஜீவமணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "ஓட்டையும் இல்ல ஒடசலும் இல்ல அண்ணாச்சி. எந்நாளும் ஊறுத தண்ணிதான். எறைக்குத குழிமேல மூடையை அடுக்கிட்டானுவ. குழிக்குத் தண்ணி வந்தாத்தானே எறைக்கதுக்கு? எறைக்கவன் கையி வலிச்சதுதான் மிச்சம்."

மூட்டைகளை நகர்த்தினார்கள். தண்ணீர் குழிக்கு ஓடி வந்தது. அதே ஆள், இறைக்க அதே பட்டை. தோணி மேலே எழுந்தது.

நான் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். எறைக்கிறவன்மேல் குறையே இல்லை வடிவு. வேகமா எறைலே, வேகமா எறைலே என்று அவனுக்கு நாம் மருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. பாட்டிலை எடுத்துப்போய்க் கொல்லையில் உடைத்தாள். பிறகு என்னை உட்காரச் சொல்லி, "நான் சொல்லுததை அப்படியே எழுது, ஒன் சரக்கைக் கலக்காத" என்றாள். எழுதுகிறேன்:

"ஏளா வடிவு, கூடப் பொறந்தவன் மவளாச்சேன்னு ஒன்னை எம் மவனுக்குக் கட்டிக்கிட்டு வந்தேன். நோக்காட்டை எங்கிட்டச் சொல்லாம மொதல்ல வேத்து டாக்டர்கிட்டச் சொல்லியிருக்க. நான் என்ன பேயா? சரி, பேயின்னே வச்சுக்கோ. பேய்க்கும் சொல்லலாம்லா. நெஞ்சைக் கிழிச்சா உயிரு எங்கன நிக்கும்னு அந்த டாக்டர்கிட்டக் கேளு. கேட்டுட்டு எழுது. வேற பொண்ணு பாக்கச் சொல்லி எழுதினியாமே. நான் பாத்ததுல ஒண்ணு போதும். இன்னொண்ணுக்கு எங்கிட்டத் தெம்பு இல்ல."

இவ்வளவுதான் சொன்னாள். பிறகு திருச்செந்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கையெழுத்துக்கு நான் நேரில் வருகிறேன். ஆனால் ஒன்று. குனி என்று உன் கழுத்தில் கை வைத்தவன் நான். ஆபரேஷனுக்குப் படு என்று சொல்ல மாட்டேன். படுக்காதே என்றும் சொல்ல மாட்டேன். நீ சொல். எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

வன்னியபெருமாள்

*

மதராஸ்,
19-3-1947

அத்தான்,

படுக்கிறேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலில் சந்தனமாரி என்று ஒரு பெண். கீழே விழுந்த சீப்பை எடுத்துத் தரச் சொன்னாள். நான் காலால் தள்ளிப் பார்த்தேன். சுவரில் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் பார்த்தேன். கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டேன். இரண்டு பெரிய பெண்கள் ஒரு சீப்பை எடுக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பின் நடுவில் முடிவு செய்துவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. உயிர் போவது பற்றிக்கூட அவ்வளவு இல்லை. திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தைத்து மூடிவிடுவார்களோ என்று. கண் விழித்ததும் மற்றவர்கள் முகத்திலிருந்து அதை நான் படிக்க வேண்டியிருக்குமே என்று.

நீங்கள் நன்றாக நடிக்க மாட்டீர்கள். ஆகவே நான் விழிக்கும்போது எதிரில் இருங்கள். உங்கள் முகம் போதும்.

அத்தை கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். உயிரைக் கையில் பிடித்திருப்பது அவர் வேலை. என் வேலை கட்டி மட்டும்" என்றார். அத்தையிடம் அப்படியே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை ஆபரேஷன்.

வடிவு

*

மதராஸ்,
7-4-1947

அத்தான்,

அப்பாவின் தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் இருந்தது 'ரிப்போர்ட் நல்லது' மட்டும். நீங்கள் ரயில் ஏறிய மறுநாள்தான் அந்த ரிப்போர்ட் வந்தது. சோதனைச் சாலையில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கெட்ட கட்டி இல்லை. வேர் விடவில்லை. முழுதாக வந்துவிட்டது. மறுபடி வளராது.

பெரிய டாக்டர் வாயால் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாவது தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

விளாம்பழம் அளவு. ஓடும் அப்படித்தான் கெட்டியாம். உள்ளே மெழுகு மாதிரி ஏதோ, கொஞ்சம் முடி. ஒரு பல். உண்மையாக ஒரு பல். நான் கருவில் உருவாகும்போதே தோலாகவும் பல்லாகவும் ஆக வேண்டிய துளி ஒன்று வழி தவறி நெஞ்சில் தங்கிவிட்டதாம். இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வளர ஆரம்பித்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

அதை எடுத்ததும் கண்ணெதிரே இதயம் விரிந்ததாம். உதவிக்கு நின்ற சின்ன டாக்டர் வந்து சொன்னார். அதுவரை மேலே சரிந்து கிடந்த சுமை போனதும், நிறைந்து, ஒரு தரம் தடுமாறி, பிறகு ஒழுங்காக அடிக்க ஆரம்பித்ததாம். கழுத்து நரம்புகள் மேஜைமேலேயே அடங்கினவாம். எனக்குப் பாஸ்கல் ஞாபகம் வந்தது.

நான் விழித்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறதா கெட்டிருக்கிறதா என்றே தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தீர்கள். உங்களை நம்பி ஒரு காரியத்தை விட முடியாது.

ரத்தம் விஷயமாக நீங்கள் கோபித்துக்கொண்டது தப்பு. எனக்கு ஏற்ற உங்கள் ரத்தம் சேரவில்லை, அப்பாவுடையது சேர்ந்தது. அவ்வளவுதான். அதற்காக வராந்தாவில் அப்பாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவதா?

இன்னும் வலிக்கிறது. இருமினால் விலா இரண்டாகப் பிளக்கிறது. பென்சிலின் ஊசிக்கு இனி என் உடம்பில் இடமில்லை. ஆனால் முந்தாநாள் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். கடைசித் தலையணையையும்.

மல்லாந்து படுத்தேன். கூரையைப் பார்த்தேன். அதில் ஒரு பல்லி. எவ்வளவு காலமாயிற்று, படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து. யாரும் நெஞ்சில் கல்லை வைக்கவில்லை. தூங்கிப்போனேன். சந்தனமாரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாளாம்.

பிள்ளை பெறலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "ஏன் கூடாது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வடிவு

*

தூத்துக்குடி,
15-4-1947

வடிவு,

தந்தி வந்தபோது நான் சுங்க ஆபீஸில் இருந்தேன். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். என்ன அண்ணாச்சி என்றார். நல்லது என்றேன். மறுபடி எடுத்துப் படித்தேன். சுங்க அதிகாரி என் வெங்காயத்தில் ஏதோ குறை சொன்னார். ரொம்ப நல்லது என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பல் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். இனி அவள் சொன்னது:

"எந்தப் பல்லுன்னு கேளு. கடைவாய்ப் பல்லா, முன்பல்லா? முன்பல்லுன்னா அது எங்க அப்பா ஜாடை. ஏளா, இது இப்பத்தான் எனக்கு வெளங்குது. வயித்துல வளர வேண்டிய பிள்ளை வழி தெரியாம நெஞ்சுல ஏறிட்டு. நான் வேற மலடி மலடின்னு முணுமுணுத்திருக்கேன். ஒனக்குக் காது கேட்டிருக்கும். எனக்கு நாக்கு நீளம், அது எல்லாருக்கும் தெரியும்."

"ரத்தம் சேந்துதாமே! எம் தம்பி ரத்தமாக்கும். எங்க வீட்டு ரத்தம்னா சும்மாவா? ஒம் புருசன் அவன் அப்பனைக் கொண்டு பொறந்திருக்கான், சேராது. அவன் இங்கன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். நீ கண்டுக்கிடாத."

"பொறவு இன்னொண்ணு. வந்த ஒடனே கால்ல விழுதேன்னு நிக்காத. தையல் பிரிஞ்சிரப் போவுது. விழுததைப் பொறவு பாத்துக்கிடலாம். ஆனா ஒரேயடியா வேண்டாம்னு நான் சொல்லல, அதையும் எழுதுலே."

எழுதிவிட்டேன். ஒரு சொல்லும் கலக்கவில்லை.

நான் சொல்ல ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் கிடந்தபோது கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நெற்றியில் வைக்கலாமா, கையைப் பிடிக்கலாமா. கடைசியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நர்ஸ், "கட்டில் எங்கேயும் ஓடிப்போகாது சார்" என்றாள்.

எப்போது அனுப்புவார்கள்? வீட்டில் உன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டேன். விளக்கும் அங்கேயே இருக்கிறது. படிப்பதாக இருந்தால் படி. நிஜமாகப் படித்தால் நான் சண்டை போடுவேன்.

வன்னியபெருமாள்

*

மதராஸ்,
28-4-1947

அத்தான்,

நாளை மறுநாள் அனுப்புகிறார்கள். சாத்தான்குளத்துக்கா தூத்துக்குடிக்கா என்று அப்பா கேட்டார். டிக்கெட்டைத் தூத்துக்குடிக்கு எடுக்கச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மறைக்கப் பார்த்தார். நம் வீட்டில் யாருக்குமே நடிக்கத் தெரியவில்லை. 'நடிக்கா' என்ற பேர் மட்டும் எனக்கு.

பல் முன்பல்லும் இல்லை, கடைவாய்ப் பல்லும் இல்லை. அரிசி அளவு. அது பிள்ளை இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். நான் பிறக்கும்போதே என்னோடு வந்தது, அப்பா வீட்டிலிருந்து. அதாவது அத்தை வீட்டிலிருந்து. ஆகவே ஜாடை என்று அவர்கள் நினைத்தால் எனக்கு ஆட்சேபமில்லை.

நாடியை நானே பிடித்துப் பார்க்கிறேன், யாரும் பார்க்காத நேரத்தில். முன்பெல்லாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது விரல் வைத்ததும் வந்து நிற்கிறது. பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கழுத்தில் இரண்டு விரல் போகிறது. பாவம், அந்தத் தையல்காரர்.

காலில் விழுவது பற்றி. முடியாதபோது அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. உடம்பே பதில் சொல்லிவிட்டது. இப்போது முடியும். விழுவேனா மாட்டேனா என்று இனி நான்தான் சொல்ல வேண்டும். ஒருவேளை ஒரு நாள், யாரும் சொல்லாமல், அத்தை வெற்றிலை இடித்துக்கொண்டு கவனிக்காமல் இருக்கும்போது விழுவேன். ஒருவேளை மாட்டேன். இரண்டில் எதுவானாலும் இனி அதைத் திமிர் என்றே சொல்லலாம். ஒளிந்துகொள்ள அல்ல.

ரயிலடிக்கு வாருங்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால், பிடரியில் வைக்கலாம். தள்ள வேண்டாம். சும்மா வைத்திருங்கள். நரம்பு அடங்கிவிட்டதென்று நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டும்.

எழுதி முடிக்கும்போது பேனா மூடி கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. நர்ஸ் தூரத்தில் இருந்தாள். சந்தனமாரி தூங்குகிறாள். கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூடியை எடுத்தேன்.

வடிவு